ஏடிஹெச்டி உள்ள பையனை ஹாஸ்டலில் விடலாமா? கோத்தகிரி அம்மா ஒருவரின் கேள்விக்குப் பதில்

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, ஆங்கில வழி. ஒரு இடத்தில் உட்கார மாட்டான். எழுத ஆரம்பித்தால் நாலு வரியில் எழுந்துவிடுவான். தொலைத்த ஸ்வெட்டர்களுக்குக் கணக்கில்லை. ஏடிஹெச்டியாக (கவனக் குறைபாடு, அடங்காத துறுதுறுப்பு என்று வெளிப்படும் வளர்ச்சிக் கோளாறு) இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று கிளாஸ் மிஸ் சொல்லியிருக்கிறார். மாமியாரோ, "இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், ரெண்டு போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். ஹாஸ்டலில் விட்டால் ஒழுங்குக்கு வருவான் என்பது கணவரின் கட்சி. இருவரும் சொந்தத் தேயிலைத் தோட்டத்தில் உழைப்பவர்கள். காலையில் போனால் இலையை எடை போட்டுவிட்டுத்தான் வீடு திரும்ப முடியும். மாத்திரை கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடுவானோ என்று அம்மாவுக்குப் பயம். பதினொரு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளைப் பற்றி ஒரே வரி: "அவளால் எந்தத் தொந்தரவும் இல்லை, மறதிதான் கொஞ்சம் ஜாஸ்தி."

நான் குன்னூர் வட்டாரத்தில் சிறப்பு ஆசிரியையாக இருக்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளோடும் அவர்களின் அம்மாக்களோடும்தான் என் வேலை நாள் முழுவதும் போகிறது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஹாஸ்டல் இப்போது வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவனுக்கு இருப்பது என்ன என்று தெரிய வேண்டும்.

ஏடிஹெச்டியை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டிக் கொடுக்காது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விவரமாகக் கேட்டுத்தான் டாக்டர் முடிவுக்கு வருவார். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், அவன் படிப்பையோ பழக்கத்தையோ நிஜமாகவே கெடுக்க வேண்டும். பள்ளியில் மட்டும் ஆட்டம், வீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்து படம் வரைகிறான், சொன்னதைக் கேட்கிறான் என்றால் பிரச்சினை அந்த வகுப்பறையில் இருக்கலாம். ஆனால் செல்போனில் மணிக்கணக்காக உட்காருகிறானே என்பதை வைத்து இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நொடிக்கு நொடி புதிதாக ஏதோ வந்துகொண்டே இருக்கும் இடத்தில் இந்தப் பிள்ளைகளும் ஒட்டிக்கொள்வார்கள்.

மலையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். முதலாவது மொழி. வீட்டில் படுக மொழி, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். கூடலூர் பக்கம் போனால் மலையாளமும் பணியர் மொழியும் சேர்ந்துகொள்ளும். மிஸ் பேசுவது பாதிதான் புரிகிறது என்றால் எட்டு வயதுப் பிள்ளை ஜன்னலைத்தான் பார்க்கும். அதற்குப் பெயர் கவனக் குறைபாடு இல்லை. வீட்டு மொழியில் ஒரு கதையைச் சொல்லிப் பாருங்கள், அதை அவனால் பின்தொடர்ந்து திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று கவனியுங்கள். அடுத்தது வயது. சீக்கிரமே பள்ளியில் சேர்த்துவிட்டதால் வகுப்பிலேயே சின்னவனாக இருந்தால், கூட இருப்பவர்களை விடத் துறுதுறுப்பாகத்தான் தெரிவான். வகுப்பில் இளையவர்களுக்கு இந்த முத்திரை அதிகம் விழுகிறது என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் டீ. நம் வீடுகளில் நாலு வயதிலேயே டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்துவிடுகிறோம். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ள பிள்ளை சோர்ந்து, எரிச்சலாகி, கவனம் சிதறித்தான் இருக்கும். சாயங்கால டீ ராத்திரித் தூக்கத்தையும் கெடுக்கும். டீயை நிறுத்தினால் ஏடிஹெச்டி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் பாருங்கள், எட்டு வயதுக்குப் பால் போதும் என்கிறேன். காது, கண் பரிசோதனையும் இதோடு முடியட்டும். ராத்திரி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா என்று கவனியுங்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்ற சதை வீங்கியிருந்தால் தூக்கம் சரியாக இருக்காது, பகல் முழுவதும் அது ஆட்டமாக வெளியே வரும். சில விநாடி அப்படியே உறைந்துபோய், கூப்பிட்டாலும் கேட்காமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறான் என்றால் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஒருவகை வலிப்பு அப்படித்தான் வரும்.

இதையெல்லாம் பார்த்தபிறகும் டாக்டர் ஏடிஹெச்டி என்றால், உங்கள் மாமியார் சொன்னதில் ஒரு பாதி சரி. இது குடும்பத்தில் ஓடும். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை வருகிறது. ஆகவே இது நீங்கள் வளர்த்த வளர்ப்பால் வரவில்லை. இனிப்பால் வரவில்லை, செல்போனாலும் வரவில்லை. இன்னொரு பாதி, அந்த "ரெண்டு போடு", தவறு. அவன் அப்பா எத்தனை அடி வாங்கினார், அதில் எது சரியானது என்று அவரிடமே ஒரு நாள் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அப்பாக்கள் பையன் பக்கம் திரும்புவது அந்தப் பேச்சில்தான்.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்து ஆய்வாளர்கள் 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மூளையின் மேலடுக்கான புறணியின் பாதிப் பகுதிகள் முழுத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்குச் சுமார் 7.5 என்றால், ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குச் சுமார் 10.5. வளரும் வரிசை மாறவில்லை, தாமதமாகத்தான் வளர்கிறது. அதிகம் பின்தங்குவது முன்மூளை. பொறுத்திருப்பது, திட்டமிடுவது, கையைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. அதனால் உங்கள் மகனுடைய புத்திக்கு எட்டு வயது என்றும், தன்னை அடக்கிக்கொள்ளும் திறனுக்கு ஐந்தோ ஆறோ என்றும் மனதில் வைத்துக்கொண்டு பழகுங்கள். ஆறு வயதுப் பிள்ளை ஸ்வெட்டரைத் தொலைத்தால் யாரும் அதைத் திமிர் என்று சொல்வதில்லை.

நான் அம்மாக்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். செய்ய வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். செய்ய வேண்டிய அந்த நொடியில் அது அவன் கைக்கு வராது. ராத்திரி உட்கார வைத்துச் சொல்லும் புத்திமதி காலை ஏழு மணிக்கு உதவாது. உதவி ஏழு மணிக்கே, கதவுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

காலை நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "பல் விளக்கு, யூனிஃபார்ம் போடு, சாக்ஸ் மாட்டு, பையை எடு, டிபன் பாக்ஸை மறக்காதே" என்று அடுப்படியிலிருந்து ஒரே மூச்சில் ஐந்து கட்டளை போகிறது. அவன் மனதில் நிற்பது முதலாவது மட்டும். பல் விளக்கப் போகும் வழியில் பூனை கண்ணில் படுகிறது. பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் ஒரு காலில் மட்டும் சாக்ஸ், கையில் பேஸ்ட் தடவிய பிரஷ், பூனைக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் கத்துகிறீர்கள். அவன் நிஜமாகவே திகைத்துப் பார்க்கிறான், அந்தப் பத்து நிமிடம் போனதே அவனுக்குத் தெரியாது. அதற்குள் மினி பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது.

இதை மாற்ற அடுப்படியிலிருந்து கத்துவதை முதலில் நிறுத்துங்கள். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். அவன் வாயால் அதைத் திருப்பிச் சொல்லட்டும். முடித்துவிட்டு வந்ததும் அடுத்தது. யூனிஃபார்ம், சாக்ஸ், பை எல்லாம் முந்தின ராத்திரியே ஒரே இடத்தில் இருக்கட்டும். கதவின் உட்பக்கத்தில், அவன் கண் உயரத்தில், நாலு படம் வரைந்து ஒட்டுங்கள்: ஸ்வெட்டர், பை, டிபன் பாக்ஸ், குடை. அவனையே வரையச் சொன்னால் இன்னும் நல்லது. ஸ்வெட்டருக்கு ஒரு வழி உண்டு. காலருக்குள் ஒரு நாடாவைத் தைத்து, கழற்றியதும் பைப் பட்டையில் முடிச்சுப் போடப் பழக்குங்கள். பதினொரு மணிக்கு வெயில் வந்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள், தொலைவது அந்த நேரத்தில்தான். அப்போது கழற்றிக் கட்டச் சொல்லி நினைவூட்ட மிஸ்ஸிடம் கேளுங்கள். அவருக்கு அது பத்து விநாடி வேலை.

பாராட்டும் அதே நொடியில் வர வேண்டும். "முழுப் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள்" என்பது இவனுக்கு வேலை செய்யாது, அவ்வளவு தூரம் அவன் மனம் போகாது. ஒரு பாட்டிலில் புளியங்கொட்டை போடுங்கள். சொன்னதும் எழுந்தால் ஒன்று, பை எடுத்து வைத்தால் ஒன்று. அன்று சாயங்காலமே பத்துக் கொட்டைக்குப் பதிலாக அப்பாவோடு அரைமணி நேரம் கேரம், அல்லது ராத்திரிச் சமையல் என்ன என்று முடிவு செய்யும் உரிமை. போட்ட கொட்டையைத் தண்டனையாகத் திரும்ப எடுக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் இதுவும் சலித்துவிடும். பரிசை மாற்றுங்கள், முறையை விட்டுவிடாதீர்கள். நிறைய வீடுகளில் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

வீட்டுப்பாடத்துக்குத் தனி அறை, மேசை என்று வற்புறுத்த வேண்டாம். நீங்கள் சமைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதட்டும். பத்து நிமிடம் எழுத்து, எழுந்து விறகு எடுத்து வந்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி பத்து நிமிடம். நின்றுகொண்டு எழுதினாலும் சரி. அடுப்பு விஷயத்தில் மட்டும் கவனம். யோசிக்காமல் கையை நீட்டுவது இந்தக் குறைபாட்டின் ஒரு பகுதி. கணப்பு, கரி அடுப்பு, வெந்நீர்ப் பாத்திரம் இருக்கும் வீட்டில் இவனுக்குச் சொல்லி வைத்தால் போதும் என்று இருக்க முடியாது, அவன் கைக்கு எட்டாமல் வைப்பது ஒன்றுதான் வழி. வெளியிலும் அப்படியே. காட்டெருமை நிற்கும், கரடி வந்துபோகும் பாதையில் பெரியவர் துணையில்லாமல் அனுப்பாதீர்கள். மற்றப் பிள்ளை பார்த்ததும் நிற்கும், இவன் ஓடிக் கிட்டே போய்விடுவான்.

ஆனாலும் வெளியே விடத்தான் வேண்டும். மரங்கள் அடர்ந்த இடத்தில் இருபது நிமிடம் நடந்த பிறகு இந்தப் பிள்ளைகளின் கவனம் மேம்படுகிறது என்று அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு 2009இல் வந்தது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து மருந்தைத் தூக்கிப் போட முடியாது. ஆனால் நகரத்து அம்மா பூங்காவைத் தேடிப் போக வேண்டும், நமக்கு வாசலிலேயே இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் வீட்டுப்பாடத்துக்கு முன்னால் பாட்டியோடோ அக்காவோடோ தோட்டம் வரை ஒரு நடை. அடைமழை மாதங்கள்தான் கஷ்டம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டால் எந்தப் பிள்ளையும் சுவரேறும். ரெயின்கோட்டும் பூட்ஸும் மாட்டி மழையிலேயே கொஞ்ச நேரம் விடுங்கள், வந்ததும் துடைத்து உலர்த்திவிட்டால் ஒன்றும் ஆகாது. அதுவும் முடியாத நாளில் படியேறி இறங்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, கயிறு தாண்டுவது என்று உடம்புக்கு வேலை கொடுங்கள்.

பள்ளிக்கு வருகிறேன். மிஸ்ஸைக் குறை சொல்லாதீர்கள், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அவர் உங்கள் மகனைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். அவரிடம் பெரிய பட்டியல் கொண்டுபோகவும் வேண்டாம். ஜன்னலை விட்டு முன் பெஞ்சில் உட்கார வைப்பது, நோட்டுக் கொடுப்பது, போர்டு துடைப்பது மாதிரி எழுந்து நடக்கிற வேலைகளை இவனுக்குக் கொடுப்பது, பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து கணக்கு, டைரியில் தினம் ஒரே ஒரு வரி: இன்று எது நன்றாக நடந்தது. விளையாட்டுப் பீரியடைத் தண்டனையாகப் பிடுங்க வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள், இவனுக்கு மிகவும் தேவைப்படுவதே அதுதான். பள்ளியில் அடிப்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி தடை செய்யப்பட்டது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து, வாசிப்பு தனியாகப் பின்தங்கியிருந்தால் கற்றல் குறைபாடும் கூடவே இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஹெச்டி தனியாக இல்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. பிற்காலத்தில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்க அந்தச் சான்றிதழ்தான் உதவும்.

இனி மாத்திரை. ஆறு வயதுக்குக் கீழே முதலில் பெற்றோருக்குப் பயிற்சி, பிறகுதான் மருந்து என்பது நடைமுறை. எட்டு வயதில் பாதிப்பு அதிகம் என்றால் டாக்டர் மருந்து பற்றிப் பேசுவார். அதிகம் கொடுப்பது மெத்தில்ஃபெனிடேட். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும், சாதாரண வகை நாலு மணி நேரம் போல நிற்கும். இதைச் சாப்பிட்டுப் பிள்ளை பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால் அளவு அதிகம் அல்லது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் சொன்னால் மாற்றுவார். மந்தமாக்குவது இதன் நோக்கமே இல்லை. சரியான அளவில் அவன் அவனாகத்தான் இருப்பான், நாலு வரிக்குப் பதில் ஒரு பக்கம் எழுதுவான். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாகிவிட மாட்டான். நிஜமான தொந்தரவு பசி. மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். அதனால் மாத்திரைக்கு முன் வயிறு நிறையக் காலை உணவு, மருந்தின் வேகம் இறங்கிய பிறகு ராத்திரி நல்ல சாப்பாடு. சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும். எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்க வேண்டும். வீட்டில் யாருக்காவது இளம் வயதிலேயே இதயக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, சீட்டு இல்லாமல் கிடைக்காது, எல்லாக் கடையிலும் இருக்காது. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவது நமக்குப் புதிதல்ல. கையில் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே அடுத்த சீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆட்டமாக்ஸெட்டின் என்ற வேறு மருந்தும் இருக்கிறது. அது மெதுவாக, சில வாரங்களில்தான் பலன் காட்டும்.

மருந்து மட்டுமா, பயிற்சி மட்டுமா என்று கேட்டால், 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்து 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆட்டத்தையும் கவனச் சிதறலையும் குறைப்பதில், நன்றாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து முந்தியது. மருந்தோடு வீட்டிலும் பள்ளியிலும் பயிற்சி சேர்ந்த குழுவுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. ஆண்டுகள் போகப் போக குழுக்களுக்கு இடையே வித்தியாசம் மங்கிவிட்டது. எனவே மாத்திரை தொடங்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று கதவில் ஒட்டிய படங்களைக் கிழித்துவிடாதீர்கள்.

மூளை டானிக், ஞாபகசக்தி லேகியம், ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் மூளைப் பயிற்சி வகுப்பு எதற்கும் நான் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றால் கட்டட்டும், அதில் சண்டை வேண்டாம். டாக்டரிடம் போகும் நாளை மட்டும் அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். முடிந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் தோட்டத்தில் இருக்கும் நேரமெல்லாம் பையனோடு இருப்பவர் அவர்தானே.

சரி, ஹாஸ்டல். உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: மணி அடித்தால் எழு, மணி அடித்தால் சாப்பிடு என்ற ஒழுங்கு சில பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் எட்டு வயதில் அந்த ஒழுங்குக்குப் பின்னால் இவனை அறிந்த ஒரு ஆள் இருக்க வேண்டும். மதியம் சாப்பிட்டானா, ராத்திரி தூங்கினானா, மாத்திரை ஒத்துக்கொண்டதா என்று யார் பார்ப்பார்கள்? தொலைத்ததற்கும் மறந்ததற்கும் தினம் தண்டனை வாங்குவான், தன்னை வீட்டை விட்டு அனுப்பியதே தான் கெட்டவன் என்பதற்காகத்தான் என்று முடிவு செய்துகொள்வான். இந்தப் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் பெரிய சேதம் மார்க்கில் இல்லை, அந்த முடிவில்தான் இருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில், அவனே விரும்பி, நிலைமையை முழுதாகச் சொன்னபிறகும் ஏற்றுக்கொள்ளும் பள்ளி கிடைத்தால் அப்போது யோசிக்கலாம்.

எங்கே போவது? உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வரும் அரசுச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் ஏடிஹெச்டியும் உண்டு, அவர்கள் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை மனநல மருத்துவர் தேவைப்பட்டால் கோவை, அதற்கும் மேலே பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை. உங்களுக்கே தாங்க முடியாத நாட்களில் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துத் துவண்டுபோன பிள்ளை டாக்டர் முன்னால் சாதுவாகத்தான் உட்கார்ந்திருப்பான். புது இடத்தில், எதிரில் ஒரே ஒரு ஆள் இருந்தால் இந்தப் பிள்ளைகள் அடங்கியும் இருப்பார்கள். அதனால் பழைய நோட்டுகள், மிஸ் கைப்பட எழுதிய ஒரு பக்கம், வீட்டுப்பாட நேரத்தில் எடுத்த சின்ன வீடியோ, தடுப்பூசி அட்டை எல்லாம் பையில் இருக்கட்டும்.

அந்த ஒரு வரி மகள். பெண் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் ஆட்டமில்லாமல் வரும்: கனவில் மிதப்பார்கள், பாதியில் விடுவார்கள், தொலைப்பார்கள், மறப்பார்கள், யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை. தம்பிக்கு இருந்தால் அக்காவுக்கும் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். மறதி ஜாஸ்தி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கும் ஒரு சீட்டுப் போட்டு, அவளுடைய நோட்டுகளையும் அதே பையில் எடுத்துப் போங்கள்.